வெண்மை இழந்த துணிகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வெள்ளைப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் நிறம் கெடுவது ஒரே காரணத்தால் நடப்பதில்லை. சாம்பல் பூப்பதற்கு ஒரு காரணம், மஞ்சளாவதற்கு இன்னொன்று, செம்பழுப்புப் புள்ளி விழுவதற்கு வேறொன்று. ஒன்றைப் போக்கும் பொருளே மற்றொன்றைத் துணியோடு அழுத்தமாகப் பதித்துவிடுவதும் உண்டு. துணி மங்கியதும் முதல் வேலையாகக் குளோரின் வெளுப்பானை எடுத்து ஊற்றும் பழக்கம்தான் பல நல்ல வெள்ளைத் துணிகளின் ஆயுளைக் குறைக்கிறது. வெளுப்பான் நிறத்தைத்தான் அழிக்கும். இழைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையோ சோப்புக் கசடையோ சுண்ணாம்புப் படிவையோ அது வெளியேற்றுவதில்லை. ஆகவே படிந்ததை முதலில் அகற்றி, எஞ்சிய நிறத்தைப் பிறகு வெளுத்து, அதன் பின்னும் தேவை என்று தோன்றினால் மட்டும் நீலத்திற்குப் போவது என்ற வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

துணியில் தைத்திருக்கும் பராமரிப்புச் சீட்டில் முக்கோணக் குறி இருக்கும். வெறும் முக்கோணம் என்றால் எந்த வெளுப்பானையும் பயன்படுத்தலாம். உள்ளே இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் வெளுப்பான் மட்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் எதுவும் கூடாது. சீட்டு இல்லாத துணி பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா, நைலானா என்பதையாவது உறுதி செய்துகொள்ள வேண்டும். கம்பளிக்கும் பட்டுக்கும் இங்கே சொல்லப்படும் வெந்நீர் முறைகளும் காரமுள்ள ஊறல்களும் பொருந்தா.

அடுத்து, விரிப்பின் ஓரத்தில் மடித்துத் தைத்த பகுதியில் இரண்டு மூன்று தையல்களைப் பிரித்து, வெளிச்சமும் உடலும் படாத உள்மடிப்பைப் பாருங்கள். உள்மடிப்பு வெளுப்பாகவும் வெளிப்பரப்பு மங்கலாகவும் இருந்தால், அழுக்கோ தேய்மானமோ புழக்கத்தில் வந்தது. இரண்டும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அலசும் தண்ணீரையும் சலவைத் தூளையும் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அவை மடிப்புக்குள்ளும் ஒரே சீராகப் போய்வருகின்றன.

கடைசியாக ஓர் ஊறல் சோதனை. துவைத்துக் காயவைத்த துணியையே எடுத்து, எதுவும் சேர்க்காத வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். நுரை எழுந்தாலோ தண்ணீர் வழுவழுப்பாகிக் கலங்கினாலோ, முந்தைய சலவைகளின் தூள் துணியை விட்டுப் போகவே இல்லை. தண்ணீர் சாம்பல் நிறமானால் அழுக்கு தங்கியிருக்கிறது. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் படிவு வெந்நீருக்கு மட்டும் அசையாத வகை, அல்லது துணியின் நிறமே மாறிவிட்டது.

துணி முழுவதும் சாம்பல் பூத்திருக்கிறது

எல்லோர் வீட்டிலும் காணப்படுவது இதுதான். ஆனால் பெரும்பாலும் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். துவைக்கும்போது துணியிலிருந்து கழன்ற அழுக்கு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கப் போதுமான சலவைப் பொருள் தண்ணீரில் இல்லாவிட்டால், அழுக்கு மறுபடியும் துணியின்மேலேயே மெல்லிய படலமாக இறங்கிவிடும். ஒரு சலவையில் இது கண்ணுக்குத் தெரியாது. பல சலவைகள் கழிந்த பிறகு புது விரிப்பைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரியும்.

இப்படி நடப்பதற்கு நான்கு வழிகள் உண்டு: சலவைத் தூளைக் குறைத்துப் போடுவது, இயந்திரத்தைத் திணித்து நிரப்புவது, எப்போதும் குளிர்ந்த நீரிலேயே துவைப்பது, தண்ணீர் கடினமாக இருப்பது. கடைசியானதைச் சற்று விளக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேரும்போது கரையாத கசடாகி, இழைகளுக்கு இடையில் சிக்கிக்கொள்கின்றன. வாளியின் உட்புறத்தில் தடவினால் விரலில் ஒட்டும் வெள்ளைப் பிசுக்கு இந்தக் கசடுதான். சலவைத் தூள்களில் உள்ள சலவைப் பொருள் சோப்பைப் போல எளிதில் கசடாவதில்லை என்றாலும், கடின நீரில் அதன் ஒரு பகுதி கால்சியத்தைச் சமாளிப்பதிலேயே செலவாகிறது. லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை உள்ள தண்ணீரைக் கடின நீர் என்றும், 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடின நீர் என்றும் வகைப்படுத்துவார்கள். அளவிடக் கருவி இல்லாதவர்கள், ஒரு மூடியுள்ள பாட்டிலில் பாதியளவு தண்ணீர் பிடித்து, சிறிது கட்டிச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் போதும். மென்னீரில் நுரை உயர்ந்து நிற்கும், கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும். கடின நீரில் நுரை சில நொடிகளில் அடங்கி, தண்ணீர் பால்போலக் கலங்கும்.

சரிசெய்ய, முதலில் படிவைக் கழற்ற வேண்டும். துணி முழுவதும் மூழ்கும் அளவுக்குச் சூடான நீர் எடுத்து, சீட்டு அனுமதித்தால் 60 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், அதில் சலவை சோடாவும் வழக்கமான சலவைத் தூளும் கரைத்து, துணியை நனைத்து, தண்ணீர் ஆறும்வரை நான்கைந்து மணி நேரம் ஊற விடுங்கள். இடையிடையே புரட்டிப் போட வேண்டும். சலவை சோடா கால்சியத்தைத் தானே பிடித்துக்கொள்வதால் சலவைத் தூள் அழுக்கின்மேல் வேலை செய்ய முடிகிறது. சமையல் சோடா இந்த இடத்தை நிரப்பாது. அதன் காரம் மிகவும் குறைவு. சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றும் குறிப்பு எங்கும் சுற்றிவருகிறது. பொங்கி நுரைப்பது பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பிறகு எஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர்தான்.

ஊறல் முடிந்ததும் அந்தக் கலங்கிய தண்ணீரை முழுவதுமாகக் கொட்டிவிட்டு, சலவைத் தூளை உரிய அளவில் போட்டு ஒரு முறை துவைத்து, இரண்டு முறை அலச வேண்டும். துணி அதிகம் மங்கியிருந்தால் ஊறலை இன்னொரு முறை செய்யலாம். மூன்றாவது முறையும் அதையே செய்வதில் பெரிய பயன் இருக்காது. அப்போது அடுத்த படியாகிய ஆக்சிஜன் வெளுப்பானுக்குப் போவதே சரி.

ஆக்சிஜன் வெளுப்பான் என்று விற்கப்படும் தூளில் இருப்பது பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரையும்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடையும் சலவை சோடாவையும் விடுவிக்கிறது. குளிர்ந்த நீரில் இது மிக மெதுவாக வேலை செய்யும் என்பதால், 40 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைப்பது அவசியம். 5 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். தூள் முழுவதும் கரைந்த பிறகே துணியைப் போட வேண்டும். ஓர் இரவு ஊறலாம். கரைசலின் வீரியம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுவதால் மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. மூடிய பாட்டிலில் அடைத்தால் வெளிவரும் ஆக்சிஜனின் அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

பாலியஸ்டர் கலந்த விரிப்புக்கு ஒரு தனிக் குறிப்பு. அழுக்கு திரும்பப் படியாமல் காப்பதற்காகச் சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் செல்லுலோஸ் வகைப் பொருள் பருத்தியோடு ஒட்டிக்கொள்வதுபோல் பாலியஸ்டரோடு ஒட்டுவதில்லை. பாலியஸ்டரோ எண்ணெயை விரும்பி இழுத்துக்கொள்ளும் இழை. எனவே கலப்புத் துணியை வண்ணத் துணிகளோடும் அதிக அழுக்குத் துணிகளோடும் ஒரே சுற்றில் போட்டால் பருத்தியைவிட வேகமாகச் சாம்பல் பூக்கும். அவற்றைத் தனியாகத் துவைப்பதைத் தவிர எளிய காப்பு இல்லை.

தலையும் தோளும் படும் இடங்களில் மஞ்சள்

தலையணை உறையின் நடுவிலும், விரிப்பின் மேல் மூன்றில் ஒரு பகுதியிலும், சட்டைக் காலரின் உள்மடிப்பிலும் மட்டும் மஞ்சள் தெரிந்தால் அது தோலின் எண்ணெய். புதிதாகப் படும்போது நிறமற்றிருக்கும் இந்த எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு நாள்பட வினைபுரிந்து மஞ்சளாகிறது. துவைத்து எடுத்தபோது வெள்ளையாக இருந்த உறை அலமாரியில் இருந்தபடியே மஞ்சளாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்: சலவையில் எண்ணெய் முழுவதும் போகவில்லை, அவ்வளவுதான்.

கறைபட்ட இடத்தைத் தண்ணீரில் நனைக்காமல், உலர்ந்த துணியின்மேலேயே திரவச் சலவைப் பொருளை நேராகத் தடவி, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் விட வேண்டும். ஈரத்துணியில் தண்ணீர் முதலில் இழைகளை நிரப்பிக்கொள்வதால் எண்ணெயைச் சென்றடைவது குறைகிறது. பின்னர் நொதிகள் சேர்ந்த சலவைத் தூளைக் கரைத்த 40 டிகிரி நீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். கொழுப்பை உடைப்பது லிப்பேஸ் என்னும் நொதி, புரதத்தை உடைப்பது புரோட்டியேஸ். இரண்டும் கொதிநீரில் செயலிழந்துவிடும், குளோரினும் அவற்றை முடக்கிவிடும். எனவே நொதி ஊறலில் வெளுப்பானைக் கலக்காமல், அது முடிந்து அலசிய பின் ஆக்சிஜன் வெளுப்பானுக்குப் போக வேண்டும். இரத்தக் கறையும் உடன் இருந்தால், அதை மட்டும் முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிடுவது நல்லது. சூடு பட்டால் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

அக்குளில் விறைப்பான மஞ்சள்

சட்டை, பனியன் ஆகியவற்றின் அக்குளில் மஞ்சளோடு துணி அட்டைபோல் விறைத்திருந்தால், வியர்வையடக்கிகளில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்த படிவு அது. குளோரின் இதை மேலும் மஞ்சளாக்கும். சிட்ரிக் அமிலத்தையோ வினிகரையோ வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் விறைப்பு தளரும். நன்றாக அலசிய பிறகு மேலே சொன்ன நொதி ஊறல். அமிலம் துணியில் தங்கியிருக்கும்போது குளோரின் வெளுப்பான் பக்கமே போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

வெளுப்பான் போட்ட பிறகே மஞ்சள் கூடியது

மூன்று சந்தேகங்கள் எழுகின்றன. துணியில் நீட்சி தரும் ஸ்பான்டெக்ஸ், நைலான், கம்பளி, பட்டு ஆகியவற்றில் ஏதேனும் கலந்திருந்தால், குளோரின் இழையையே தாக்கி மஞ்சளாக்கியிருக்கும்; இதற்கு மாற்று இல்லை. சுருக்கம் விழாத வகையில் பூச்சு கொடுத்த பருத்தியாக இருந்தால், அந்தப் பூச்சு குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம்; சோடியம் தயோசல்பேட்டைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் தங்கிய குளோரின் முறிந்து நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. தண்ணீரில் இரும்பு இருந்தால், கரைந்த நிலையில் நிறமற்றிருந்த இரும்பைக் குளோரின் துருவாக மாற்றித் துணி முழுவதும் பரப்பியிருக்கும்; அதற்கு அடுத்த பகுதியைப் பார்க்கவும்.

தூய பருத்தியில், வேறு எல்லாம் செய்த பிறகு குளோரினைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அளவும் நேரமும் முக்கியம். 5 சதவீதச் செறிவுள்ள வெளுப்பான் என்றால் 5 லிட்டர் குளிர்ந்த நீருக்குச் சுமார் 60 மில்லிலிட்டர், ஊறல் 5 நிமிடம், பிறகு நிறையத் தண்ணீரில் அலசல். ஓர் இரவு ஊறவைத்தால் வெண்மை அதிகமாகும் என்று நினைப்பவர்களுக்குச் சில மாதங்களில் விரிப்பு நடுவில் கிழியும்போது காரணம் புரிவதில்லை. பாட்டிலிலேயே நாளடைவில் வீரியம் குறையும் பொருள் இது என்பதால், வெயில் படும் இடத்தில் வெகுநாள் கிடந்த பாட்டிலை நம்பி அளவைக் கூட்டுவதைவிடப் புதிதாக வாங்குவது மேல்.

ஆரஞ்சு அல்லது செம்பழுப்புப் புள்ளிகள்

தெறித்தாற்போல் ஆங்காங்கே விழும் புள்ளிகள் இரும்புத் துரு. பழைய குழாய், துருப்பிடித்த கொடிக்கம்பி, இயந்திரத்தின் உட்புறத்தில் உரிந்த பூச்சு ஆகியவற்றைத் தேட வேண்டும். துண்டிலும் தலையணை உறையிலும் மட்டும் ஆரஞ்சுத் திட்டுகள் தோன்றினால், வெயில் தடுப்புக் களிம்பிலுள்ள அவோபென்சோன் தண்ணீரின் இரும்போடு சேர்ந்திருக்கலாம்.

இங்கே வரிசை மாறினால் துணியில் ஓட்டையே விழும். இரும்பு உள்ள இடத்தில் பெராக்சைடு மிக வேகமாகச் சிதைவதால், ஆக்சிஜன் வெளுப்பான் அந்தப் புள்ளியில் மட்டும் இழைகளை அரித்துவிடும். ஆகவே துருவை முதலில் அமிலத்தால் எடுக்க வேண்டும். எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் சூடான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, புள்ளி விழுந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். செம்பழுப்பு முதலில் ஓரங்களில் மங்கி, வெளிர்மஞ்சளாகி, பின் மறையும். பிடிவாதமான துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் வேகமானது, ஆனால் நஞ்சு. கையுறை அணிந்து, பிள்ளைகள் இல்லாத இடத்தில் பயன்படுத்தி, பலமுறை அலச வேண்டும்.

கரும்புள்ளிகள், வண்ணத் துணியின் சாயம்

ஈரத்தோடு சுருட்டி வைத்த துணியில் மிளகுப் பொடி தூவியதுபோல் விழும் கரும்புள்ளி பூஞ்சை. துணியை முதலில் வெளியில் காயவைத்து, உலர்ந்த நிலையில் தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு சூடான நீரில் துவைக்க வேண்டும். வெள்ளைப் பருத்தியானால், மேலே சொன்ன அளவில் குளோரின் வெளுப்பான் உண்மையிலேயே தகுதியான ஆயுதமாவது இங்கேதான். இழைக்குள் வேர்விட்ட பழைய பூஞ்சை செத்தாலும் அதன் கறை மங்கலாக எஞ்சக்கூடும்.

சாயம் ஏறிய துணியைக் காயவிடக் கூடாது, உலர்த்தியிலும் இஸ்திரியிலும் சூடுபடுத்தவும் கூடாது. சாயம் விட்ட துணியைப் பிரித்தெடுத்துவிட்டு, ஈரம் போகுமுன் ஆக்சிஜன் வெளுப்பான் ஊறலில் போட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் சோடியம் ஹைட்ரோசல்பைட் கலந்த சாயநீக்கி வேண்டியிருக்கும். அதன் வாடை கடுமையானது. சன்னலைத் திறந்து வைத்தே பயன்படுத்த வேண்டும்.

மடித்து வைத்த இடத்தில் மஞ்சள்

மடிப்பு ஓரங்களில் மட்டும், அல்லது நெகிழிப் பையில் வைத்த புதுத் துணியில் மஞ்சள் தோன்றினால், துணி அழுக்கானது என்று கருத வேண்டியதில்லை. சில பாலித்தீன் பைகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் பீனால் வகைப் பொருள் துணிக்கு இடம்பெயர்ந்து, காற்றில் கலந்த நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து மஞ்சளாகிறது. காரம் இந்த மஞ்சளைத் தூக்கிக் காட்டும், அமிலம் தணிக்கும். எனவே சலவை சோடாவைத் தவிர்த்து, சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். அட்டைப் பெட்டியும் பூச்சில்லாத மரத் தட்டும் தம்மைத் தொட்டிருக்கும் பகுதியைப் பழுப்பாக்கும். இடையில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து வைத்தால் போதும்.

சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெண்மை இல்லை

ஊறல் தண்ணீர் தெளிவாக வருகிறது, கறை எதுவும் இல்லை, பிசுக்கும் இல்லை. ஆனாலும் புதுத் துணியின் பளிச்சிடும் வெண்மை காணப்படவில்லை. புதுத் துணியில் இருந்தது ஒளிரூட்டி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும் இந்தப் பொருள், துணியின் இயல்பான மஞ்சள் சாயலை மறைத்துக் காட்டுகிறது. சலவையிலும் வெயிலிலும் அது தேய்ந்துபோகிறது. பணத்தாளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் விரிப்பின்மேல் காட்டினால், ஒளிரூட்டி உள்ள இடம் நீலமாக ஒளிரும், இழந்த இடம் மங்கிக் கிடக்கும். ஒளிரூட்டி சேர்ந்த சலவைத் தூளில் சில முறை துவைத்தால் பருத்தி அதை மறுபடி ஏற்றுக்கொள்ளும். மஞ்சள் விளக்கொளியில் வித்தியாசம் தெரியாது. பகல் வெளிச்சத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

நீலம் இதையே எளிமையான வழியில் செய்கிறது: மஞ்சளுக்கு எதிர்நிறமான நீலத்தை மிகச் சிறிதளவு ஏற்றி, கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றச் செய்கிறது. மொத்த ஒளி சற்றுக் குறைகிறது என்பதால், சாம்பல் பூத்த துணிக்கு நீலம் போட்டால் இன்னும் இருண்டுதான் தெரியும். சொட்டு நீலத்தைத் துணியின்மேலோ இயந்திரத்துக்குள்ளோ நேராக விடக் கூடாது. வாளி நிறையத் தண்ணீரில் விட்டு, கையால் சுழற்றிக் கலக்கி, உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கும்போது வெளிர் வானநிறமாகத் தெரிந்தால் போதும். நன்றாக அலசிய துணியைப் பிரித்து உதறி ஒரே முழுக்காக அமிழ்த்தி, சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும்; சோப்புத் தங்கிய இடம் இருந்தால் நீலம் அங்கே திட்டாகும். திட்டு விழுந்துவிட்டால் காயவிடாமல் மறுபடி சலவைத் தூளில் ஊறவைத்துத் துவைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

சரிசெய்த துணி மீண்டும் விரைவில் மங்குகிறது

இப்போது துணியை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். கதவு வளையத்தின் மடிப்பில் விரலை விட்டு இழுத்தால் கருமையான வழுவழுப்பு வந்தால், உள்டிரம்மின் பின்புறத்திலும் அதுவே இருக்கிறது. தூள் அறையைக் கழற்றிக் கழுவி, வடிகட்டியைத் திறந்து நார்க்கசடை எடுத்து, துணி எதுவும் போடாமல் இயந்திரம் அனுமதிக்கும் உச்சச் சூட்டில் ஒரு சுற்று ஓட்டுங்கள். துணியை நிரப்பும்போது, டிரம்முக்குள் துணிகளின் மேல் ஒரு கை தாராளமாக நுழைய இடம் இருக்க வேண்டும். துணி மென்மையூட்டும் திரவத்தை வெள்ளை விரிப்புகளுக்கும் துண்டுகளுக்கும் நிறுத்திவிடுவது என் பரிந்துரை; அது இழையின்மேல் கொழுப்புத்தன்மையுள்ள படலத்தை விட்டுச்செல்கிறது, துண்டு ஈரத்தை உறிஞ்சுவது குறைகிறது, அந்தப் படலத்தின்மேல் அழுக்கும் எளிதில் ஒட்டுகிறது.

இவ்வளவும் செய்தபின் விரிப்பின் நடுப்பகுதி மட்டும் மங்கலாகவே நின்றால், அதை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தைவிட நடுவில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவினால் அங்கே பருத்தி இழை தேய்ந்துவிட்டது, மங்கலாகத் தெரிவது அடியிலிருக்கும் மெத்தையின் நிறம். அந்த விரிப்பை வெளுக்க எதுவும் இல்லை. தலையணை உறையாகவோ துடைக்கும் துணியாகவோ வெட்டிக்கொள்ளலாம்.